ஊர் ஓடினால் ஒத்தோடலாமா?

"ஊர் ஓடினால் ஒத்தோடு, ஒருவன் ஓடினால் கேட்டோடு" என்று ஒரு பழமொழி உண்டு. ஒருவன் மட்டும் தலைதெறிக்க ஓடிவந்தால் நிறுத்தி, என்ன சங்கதி என்று கேள். ஊரே ஓடிவந்தால் கேட்டுக்கொண்டு நிற்காதே, நீயும் ஓடு. நல்ல யோசனைதான். ஏரி உடைத்துக்கொண்டு வரும்போது விசாரணைக் கமிஷன் வைக்க முடியாது.

ஆனால் இந்தப் பழமொழிக்குள் ஒரு நிபந்தனை ஒளிந்திருக்கிறது. ஐம்பது பேர் ஆளுக்கொரு மூலையில் நின்று, தத்தம் கண்ணால் வெள்ளத்தைப் பார்த்துவிட்டு ஓடிவந்தால் அது ஐம்பது சாட்சி. ஒருவன் எதையோ கண்டு மிரண்டு ஓட, அவனைப் பார்த்து அடுத்தவன் ஓட, அந்த இருவரைப் பார்த்துத் தெருவே ஓடினால், எத்தனை பேர் ஓடினாலும் சாட்சி ஒன்றுதான். மீதிப் பேர் வெள்ளத்தைப் பார்க்கவில்லை, ஓடுகிறவர்களைத்தான் பார்த்தார்கள். வெளியிலிருந்து பார்க்கிறவருக்கு இந்த இரண்டு கூட்டங்களும் ஒன்றுபோலவே தெரியும் என்பதுதான் சிக்கல்.

தனித்தன்மை என்றதும் வித்தியாசமான உடை, தலைமுடி, கைப்பேசி உறை என்று மனம் போகிறது. அவையெல்லாம் அவரவர் விருப்பம். அதிலும் கடையில் வரிசையில் நின்று வாங்குகிற வித்தியாசம்தான் அதிகம். இங்கே நான் விளக்க விரும்பும் தனித்தன்மை வேறு வகை: தன் கண்ணால் பார்த்ததைத் தன் வாயால் சொல்லும் பழக்கம். ஒரு சமூகத்தில் அது குறைந்து எல்லோரும் ஒன்றுபோல் ஆகிவிட்டால் என்ன கெடும் என்பதைச் சில உண்மைக் கதைகள் வழியாகப் பார்க்கலாம்.

முதலில் என் கதை. எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்பில் 24 வீடுகள். சில ஆண்டுகளுக்கு முன் சங்கக் கூட்டத்தில், கட்டடத்தைச் சுற்றியிருந்த மண் தரை முழுவதையும் மூடி சிமென்ட் கல் பதித்துவிடலாம் என்று செயலாளர் சொன்னார். சேறு இருக்காது, வண்டி நிறுத்த வசதி, பார்க்கவும் லட்சணம். "எல்லோருக்கும் சம்மதம்தானே?" என்றார். முன்வரிசையில் இரண்டு பேர் தலையாட்டினார்கள். பிறகு எல்லோரும் ஆட்டினோம். மழைத் தண்ணீர் எங்கே போகும் என்ற கேள்வி என் தொண்டை வரை வந்தது. பின்வரிசையில் யாரோ பிளாஸ்டிக் நாற்காலியை அடுக்கத் தொடங்கிய சத்தம் கேட்டதும் உள்ளே போய்விட்டது.

அந்த ஐப்பசியில் முதல் பெருமழைக்கே படிக்கட்டின் இரண்டாம் படி வரை தண்ணீர் நின்றது. மின்சாரத்தை அணைத்துவிட்டார்கள்; லிஃப்ட் இல்லை. டார்ச் வெளிச்சத்தில் படியேறிக்கொண்டே பேசிக்கொண்டோம். "எனக்கு அன்றைக்கே தோன்றியது சார்." "எனக்கும்தான், சொன்னால் யார் கேட்கப்போகிறார்கள் என்று விட்டுவிட்டேன்." நான்காவது மாடி வருவதற்குள் ஆறு பேர் இதையே சொல்லிவிட்டார்கள். அந்த ஆறு பேரும் அன்று கூட்டத்தில் இருந்தவர்கள். ஒவ்வொருவரும் மற்ற ஐந்து பேரின் மௌனத்தைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டு, தன் மௌனத்தையும் அதில் கொண்டுபோய்ச் சேர்த்திருக்கிறோம்.

சுற்றியிருப்பவர்களின் போக்குக்கு ஏற்ப ஒருவர் தன் சொல்லையோ செயலையோ மாற்றிக்கொள்வதைச் சமூக உளவியலில் ஒத்துப்போதல் என்கிறார்கள். இதைப் பற்றிய மிகப் புகழ்பெற்ற சோதனையைச் செய்தவர் சாலமன் ஆஷ்.

கோடுகள்

ஆஷ் 1907-இல் வார்சாவில் பிறந்தவர். சிறு வயதிலேயே குடும்பத்தோடு நியூயார்க்குக்குப் போனவர். 1950-களில், அமெரிக்காவின் ஸ்வார்த்மோர் கல்லூரியில் பேராசிரியராக இருந்தபோது, குழந்தைக்கும் புரியக்கூடிய ஒரு சோதனையை வடிவமைத்தார். ஒரு மேசையைச் சுற்றி ஏழு முதல் ஒன்பது மாணவர்கள். இரண்டு அட்டைகள் காட்டப்படும். ஒன்றில் ஒரே ஒரு கோடு. இன்னொன்றில் மூன்று கோடுகள். அவற்றில் ஒன்று முதல் அட்டைக் கோட்டின் அதே நீளம், மற்ற இரண்டும் கண்ணுக்குத் தெரிகிற அளவு வேறுபட்டவை. எது பொருந்துகிறது என்று வரிசையாக, வாய்விட்டுச் சொல்ல வேண்டும். தனியே உட்காரவைத்துக் கேட்டால் நூற்றுக்கு ஒரு தவறுகூட வராத அளவுக்கு எளிய வேலை.

மேசையில் ஒருவரைத் தவிர மற்ற எல்லோரும் ஆஷின் ஆட்கள். அந்த ஒருவருக்கு மட்டும் இது தெரியாது. அவரை வரிசையின் கடைசிப் பக்கம் உட்காரவைத்திருப்பார்கள். முதல் இரண்டு அட்டைகளுக்கு எல்லோரும் சரியாகச் சொல்வார்கள். பிறகு திடீரென்று, ஒருவர் பின் ஒருவராக, கொஞ்சமும் முகம் மாறாமல், தவறான கோட்டைச் சொல்வார்கள். மொத்தம் 18 அட்டைகளில் 12 முறை இப்படி.

அந்த ஒருவரின் இடத்தில் உங்களை வைத்துப் பாருங்கள். கண் ஒன்று சொல்கிறது. ஏழு பேர் வேறொன்று சொல்லிவிட்டார்கள். உங்கள் முறை வந்துவிட்டது. கண்ணாடியை மாற்ற வேண்டுமோ? கேள்வியே எனக்குச் சரியாகப் புரியவில்லையோ?

123 மாணவர்களிடம் நடந்த இந்தச் சோதனையில், அந்த 12 முறைகளில் ஏறக்குறைய 37 சதவீத விடைகள் கூட்டத்தின் தவறோடு ஒத்துப்போயின. ஒரு முறையாவது ஒத்துப்போனவர்கள் நான்கில் மூன்று பங்கு. நான்கில் ஒரு பங்குப் பேர் ஒரு தடவைகூட அசையவில்லை. மனிதர்கள் ஆட்டு மந்தை என்பதற்குச் சான்றாக இந்தச் சோதனையை எடுத்துக்காட்டுவது வழக்கம். எனக்கு அந்த வாசிப்பில் முழு உடன்பாடு இல்லை. அத்தனை நெருக்கடியிலும் மூன்றில் இரண்டு பங்குக்குச் சற்றுக் குறைவான விடைகள் சரியாகவே இருந்தன. அதைக் கணக்கில் எடுக்காமல் மந்தை என்பது நியாயமில்லை.

என்னை உறுத்தியது வேறொன்று. பிறகு கேட்டபோது, ஒத்துப்போனவர்களில் சிலர் சொன்ன காரணம் இது: முதலில் பேசியவர் தவறாகச் சொல்ல, மற்றவர்கள் ஆடுகள்போல அவரைப் பின்பற்றுகிறார்கள் என்று அவர்களுக்கே சந்தேகம் வந்திருக்கிறது. அதாவது, ஊர் ஓடுகிறது, ஆனால் வெள்ளத்தை யாரும் பார்க்கவில்லை என்று மனத்துக்குள் கண்டுபிடித்துவிட்டார்கள். கண்டுபிடித்த பிறகும் கூடவே ஓடினார்கள்.

ஆஷ் இதோடு நிறுத்தவில்லை. சோதனையில் ஒவ்வொன்றாக மாற்றிப் பார்த்தார். எதிரே ஒரே ஒருவர் மட்டும் தவறாகச் சொன்னால் யாரும் மசியவில்லை. இரண்டு பேர் ஆனதும் கொஞ்சம் ஆட்டம் கண்டது. மூன்று பேர் என்றதும் தவறுகள் மூன்றில் ஒரு பங்கை நெருங்கின. அதற்கு மேல் ஆள் சேர்த்தும் பெரிதாகக் கூடவில்லை. ஒருவரைச் சாய்க்க ஊரே வேண்டியதில்லை, மூன்று பேர் ஒரே குரலில் பேசினால் போதும்.

அடுத்து, ஆஷின் ஆட்களில் ஒருவரை மட்டும் சரியான விடை சொல்லவைத்தார். ஒரே ஒரு துணை. தவறுகள் முன்பு இருந்ததில் நான்கில் ஒரு பங்காகக் குறைந்தன. இது எதிர்பார்க்கக்கூடியதுதான். இதற்கு அடுத்தபடி அவர் செய்ததைத்தான் நான் அடிக்கடி நினைத்துக்கொள்கிறேன். அந்தத் துணையைக் கூட்டத்தைவிட இன்னும் மோசமான தவறைச் சொல்லவைத்தார். கூட்டம் ஒரு தவறான கோட்டைக் காட்டுகிறது. துணை அதைவிடத் தவறான கோட்டைக் காட்டுகிறார். அப்போதும் சோதிக்கப்பட்டவர்களின் தவறு 9 சதவீதத்துக்கு இறங்கிவிட்டது.

மாறுபட்டுப் பேசியவர் சொன்னது சுத்த அபத்தம். ஆனாலும் அவர் பேசியதால் பக்கத்தில் இருந்தவருக்குத் தன் கண்ணை நம்பும் துணிவு வந்தது. "ஏதாவது சரியாகச் சொல்வதாக இருந்தால் பேசு, இல்லாவிட்டால் சும்மா இரு" என்று நாம் வீட்டிலும் வகுப்பிலும் சொல்லி வளர்க்கிறோமே, அதை இந்த 9 சதவீதத்தின் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். ஒருமித்த குரலில் விழும் கீறல், அதைப் போட்டவர் யாராக இருந்தாலும், அடுத்தவருக்கு வழி திறக்கிறது.

இன்னொரு மாற்றமும் செய்தார். விடையை வாய்விட்டுச் சொல்லாமல் தாளில் எழுதலாம் என்றபோது ஒத்துப்போதல் வெகுவாகக் குறைந்தது. இதைப் பிறகு பேச வேண்டும், நினைவில் வையுங்கள்.

மாட்டின் எடை

கூட்டம் என்றாலே தவறு என்று இதுவரை எழுதியது தோன்ற வைத்திருக்கலாம். அப்படி இல்லை என்பதற்கு 1906-ஆம் ஆண்டு இங்கிலாந்தின் பிளிமத் நகரில் நடந்த கால்நடைக் கண்காட்சி சாட்சி. அங்கே ஒரு கொழுத்த எருதை நிறுத்தியிருந்தார்கள். அதை வெட்டிச் சுத்தம் செய்தபின் இறைச்சி எவ்வளவு எடை இருக்கும் என்று சொல்பவருக்குப் பரிசு. ஆறு பென்ஸ் கொடுத்துச் சீட்டு வாங்கி, எண்ணை எழுதிப் போட வேண்டும். கறிக்கடைக்காரர்கள், விவசாயிகள், மாட்டைப் பற்றி ஒன்றும் தெரியாமல் வேடிக்கை பார்க்க வந்தவர்கள் என்று 800 பேர் போட்டார்கள்.

பிரான்சிஸ் கால்டன் என்ற அறிஞர் அந்தச் சீட்டுகளை வாங்கி, சரியில்லாதவற்றைக் கழித்துவிட்டு, மீதி 787-ஐ வரிசைப்படுத்தினார். நடுவில் நின்ற எண் 1,207 பவுண்டு. உண்மையான எடை 1,198 பவுண்டு. சுமார் 540 கிலோ இறைச்சியில் நான்கு கிலோதான் வித்தியாசம். சீட்டுகளின் சராசரியை எடுத்தாலோ 1,197. ஒரே ஒரு பவுண்டு குறைவு. (யூஜெனிக்ஸ் என்ற சொல்லை உருவாக்கி, மனிதர்களை மேம்பட்ட இனமாகப் பொறுக்கி வளர்க்கலாம் என்று வாதிட்டவரும் இதே கால்டன்தான். சாமானியக் கூட்டத்தின் அறிவுக்கு அவர் கையாலேயே சான்றிதழ் கிடைத்தது வரலாற்றின் குறும்பு.)

இது எப்படி நடக்கிறது? கறிக்கடைக்காரர் எலும்பை மனதில் வைத்துக் குறைத்துப் போடுகிறார். விவசாயி தீனியை மனதில் வைத்துக் கூட்டிப் போடுகிறார். ஒன்றும் தெரியாதவர் தன் வீட்டுக் குதிரையோடு ஒப்பிட்டு ஏதோ ஒன்றைப் போடுகிறார். ஒவ்வொருவரும் தவறு. ஆனால் ஒவ்வொருவரும் வேறு வேறு திசையில் தவறு. கூட்டலும் கழித்தலும் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு போய்விட, எல்லோருடைய சீட்டிலும் கொஞ்சம் கொஞ்சம் ஒட்டியிருந்த உண்மை மட்டும் தங்கிவிடுகிறது.

வாசலில் ஒரு பெரிய மனிதர் நின்று, "இது 1,500 பவுண்டுக்குக் குறையாது" என்று அதட்டலாகச் சொல்லியிருந்தால்? எல்லாச் சீட்டும் அந்தப் பக்கம் சாய்ந்திருக்கும். ஒரே திசையில் செய்த தவறுகள் ஒன்றையொன்று அடித்துக்கொள்ளாது, அடுக்கிக்கொண்டே போகும். 2011-இல் சூரிச்சில் 144 மாணவர்களிடம் நடந்த ஓர் ஆய்வில் இதைக் கண்ணெதிரே பார்த்தார்கள். சுவிட்சர்லாந்தைப் பற்றிச் சில எண்களை ஊகிக்கச் சொன்னார்கள். மற்றவர்கள் என்ன ஊகித்தார்கள் என்று காட்டிவிட்டு மறுபடி ஊகிக்கச் சொன்னபோது, விடைகள் ஒன்றையொன்று நெருங்கி வந்தன. உண்மையை நெருங்கவில்லை. ஆனால் ஊகித்தவர்களின் தன்னம்பிக்கை மட்டும் கூடிவிட்டது. வாட்ஸ்அப் குழுவில் ஏதாவது ஒரு செய்தியைப் பத்துப் பேர் ஆமோதித்த பிறகு நமக்கு வரும் உறுதி இந்த வகையைச் சேர்ந்தது.

வாழையடி வாழை

மனிதர்களை விட்டுச் சற்றுத் தோட்டத்துப் பக்கம் போகலாம்.

வம்சம் தழைக்க வேண்டும் என்று வாழ்த்தும்போது "வாழையடி வாழையாக" என்கிறோம். தாய்மரம் குலை தள்ளிச் சாயும் முன்பே காலடியில் கன்று எழுந்து நிற்கும் காட்சியிலிருந்து வந்த வாழ்த்து. அழகானது. ஆனால் தாவரவியல் கண்ணோடு பார்த்தால் கொஞ்சம் பயங்கரமானது. நாம் தின்னும் வாழையில் முளைக்கக்கூடிய விதை இல்லை. பழத்தின் நடுவே தெரியும் கரும்புள்ளிகள் விதையின் மிச்சம் மட்டுமே. கன்று தாயின் பிள்ளையே இல்லை. அதே மரம்தான் மறுபடியும் எழுகிறது. அதே பலம், அதே பலவீனம்.

ஏற்றுமதி வாழையில் இது எங்கே கொண்டுபோய் விட்டது என்று பாருங்கள். இருபதாம் நூற்றாண்டின் முதல் பாதியில் அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் கடைகளுக்கு வந்த வாழைப்பழம் கிட்டத்தட்ட முழுவதும் குரோ மிஷெல் என்ற ஒரே ரகம். தடித்த தோல், கப்பலில் அடிபடாது, ஒரே நேரத்தில் பழுக்கும். வியாபாரிக்கு வேறென்ன வேண்டும்? மத்திய அமெரிக்காவில் காட்டை அழித்து அதையே மைல் கணக்கில் நட்டார்கள். மண்ணில் வாழும் ஃபுசேரியம் என்ற ஒரு பூஞ்சை வந்தது. வேர் வழியாக ஏறி, தண்ணீர் போகும் குழாய்களை அடைத்துவிடும். அடியிலைகளின் ஓரம் மஞ்சளாகும். இலைகள் காம்போடு ஒடிந்து தண்டைச் சுற்றிப் பாவாடைபோலத் தொங்கும். தண்டை வெட்டிப் பார்த்தால் உள்ளே செம்பழுப்புக் கறை. மருந்து கிடையாது. மண்ணில் ஒருமுறை நுழைந்தால் பல பத்தாண்டுகள் போகாது. ஒரு மரத்தைக் கொல்லத் தெரிந்த பூஞ்சைக்கு எல்லா மரத்தையும் கொல்லத் தெரிந்திருந்தது, ஏனென்றால் எல்லாம் அதே மரம். 1960-களுக்குள் குரோ மிஷெல் ஏற்றுமதிச் சந்தையை விட்டே போய்விட்டது.

அதற்குப் பதிலாக வந்தது அந்தப் பூஞ்சைக்கு அசையாத கேவண்டிஷ் ரகம். நம் ஊரில் ஜி-9 என்று திசு வளர்ப்புக் கன்றாக விற்கிறார்களே, அது இந்தக் குடும்பம்தான். பாடம் படித்துவிட்டார்கள் என்று நினைப்பீர்கள். இல்லை. மறுபடியும் ஒரே ரகத்தையே உலகம் முழுக்க நட்டார்கள். இப்போது அதே பூஞ்சையின் இன்னொரு வகை, கேவண்டிஷைச் சாய்க்கத் தெரிந்தது, ஆசியாவில் கிளம்பி 2019-இல் கொலம்பியா வரை போய்விட்டது. பீகாரிலும் உத்தரப் பிரதேசத்திலும் தென்பட்டிருக்கிறது.

இதை எங்கள் பக்கத்து வாழைக்காய் மண்டியோடு ஒப்பிட்டுப் பார்ப்பேன். பூவன், ரஸ்தாளி, நேந்திரன், மொந்தன், கற்பூரவல்லி, செவ்வாழை, கிடைக்கும் நாளில் மலைவாழை, தெற்கே போனால் மட்டி. ரஸ்தாளியைச் சாய்க்கும் வாடல் நோய் பூவனைக் கண்டால் ஒதுங்கிப் போகும். பூவனுக்கும் அதற்கான நோய் இல்லாமல் இல்லை. அது வேறு நோய். எல்லா மரமும் ஒரே நாளில் சாயாது, அவ்வளவுதான். கலந்து நட்ட தோட்டத்தின் லாபம் கணக்குப் புத்தகத்தில் எந்த வருடமும் தெரியாது, நோய் வந்த வருடத்தைத் தவிர.

அயர்லாந்தில் 1845-இல் தொடங்கி இதுவே உயிர்ப்பலி ஆனது. ஏழைகள் பெரும்பாலும் லம்பர் என்ற ஒரே உருளைக்கிழங்கை நம்பியிருந்தார்கள். அதுவும் கிழங்கிலிருந்தே கிழங்கு. கருகல் நோய் அதை அழுகவைத்தது. நிலவுடைமை முறையும் ஆட்சியாளர்களின் மெத்தனமும் சேர்ந்துகொள்ள, சுமார் பத்து லட்சம் பேர் மாண்டார்கள். அதே அளவு பேர் நாட்டை விட்டுப் போனார்கள்.

இனி நெல். இந்தக் கதையில் நம் வயல்களும் வருகின்றன. 1966-இல் பிலிப்பைன்ஸில் உள்ள சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையம் ஐ.ஆர்.8 ரகத்தை வெளியிட்டது. அதுவும் அதன் உறவுகளும் ஆசியாவெங்கும் பரவின. பிறகு புகையான் பூச்சி சுமந்துவந்த ஒரு வைரஸ், நெற்பயிரைக் கதிர் வராத குட்டைப் புல்லாக்கத் தொடங்கியது. விஞ்ஞானிகள் நிலையத்தில் சேமித்துவைத்திருந்த ஆறாயிரத்துக்கும் மேற்பட்ட நெல் மாதிரிகளைச் சோதித்தார்கள். பயிரிடப்படும் ரகம் ஒன்றுகூடத் தாங்கவில்லை. தாங்கியது ஒரே ஒரு காட்டு நெல் மாதிரி. ஒரைசா நிவாரா என்ற இனம். 1960-களில் உத்தரப் பிரதேசத்தில் சேகரித்தது. விளைச்சல் இல்லை, மணி பழுத்த உடனே உதிர்ந்துவிடும், வயலில் முளைத்தால் களை என்று பிடுங்கி எறிவோம். அந்தக் களையின் எதிர்ப்புச் சக்தியை நெல்லுக்குள் கொண்டுவந்தார் குர்தேவ் சிங் குஷ் என்ற பஞ்சாபி விஞ்ஞானி. 1976-இல் வெளிவந்த ஐ.ஆர்.36-இல் அது இருந்தது.

அப்புறம் நடந்ததையும் சொல்ல வேண்டும். ஐ.ஆர்.36 அவ்வளவு நன்றாக இருந்ததால் ஒரு கட்டத்தில் ஆசியாவில் 1.1 கோடி ஹெக்டேரில் அதையே பயிரிட்டார்கள். வித்தியாசமான ஒன்று காப்பாற்றிக் கொடுத்ததை எடுத்து, மறுபடியும் எல்லா வயலையும் ஒரேமாதிரி ஆக்கிக்கொண்டோம்.

மனிதர் வாழையில்லை, நான் இந்த ஒப்புமையை வெகுதூரம் இழுக்க மாட்டேன். வாழைக்கு நோய் வந்தால் பக்கத்து மரத்திடம் யோசனை கேட்க முடியாது, நமக்கு முடியும். ஆனாலும் கணக்கு ஒன்றே. எல்லோரும் ஒரே பாடத்தைப் படித்து, ஒரே வேலைக்குப் போய், ஒரே செய்தியைப் பார்த்து, ஒரே முடிவுக்கு வருகிற ஊரில் புதிதாக ஒரு சிக்கல் வந்தால், முதல் ஆளுக்குத் தெரியாதது கடைசி ஆளுக்கும் தெரிந்திருக்காது.

எங்கே ஒரேமாதிரி வேண்டும்

எல்லா ஒற்றுமையும் கெடுதல் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். 1967 செப்டம்பர் 3, ஞாயிற்றுக்கிழமை அதிகாலை ஐந்து மணிக்கு, ஸ்வீடன் நாடு முழுவதும் சாலையின் இடப்பக்கத்திலிருந்து வலப்பக்கத்துக்கு மாறியது. அன்று காலை "எனக்கு என் வழி" என்று ஒருவர் இடப்பக்கமே ஓட்டியிருந்தால் அதைத் தனித்தன்மை என்று யாரும் பாராட்ட மாட்டார்கள். இடமா வலமா என்பது முக்கியமில்லை, எல்லோரும் ஒன்றைச் செய்வதே முக்கியம் என்கிற இடங்கள் உண்டு. எடைக்கல், தண்டவாள அகலம் எல்லாம் அப்படி. எது உண்மை, எது நல்லது என்று தேட வேண்டிய இடத்தில்தான் ஒரேமாதிரி காலை வாருகிறது.

சமமும் ஒரேமாதிரியும் ஒன்று என்ற குழப்பமும் நம்மிடம் அதிகம். பள்ளிச் சீருடை, யார் வீட்டில் பணம் இருக்கிறது என்பது சட்டையில் தெரியக்கூடாது என்பதற்கு உதவுகிறது, அது சமம். அந்தச் சீருடைக்குள் இருக்கும் இடக்கைப் பழக்கமுள்ள குழந்தையை, வலக்கையால்தான் எழுத வேண்டும் என்று விரலில் தட்டுவது ஒரேமாதிரி. உலகில் பத்தில் ஒருவர் இடக்கைக்காரர். அவர்களுக்குக் கத்தரிக்கோலே எதிரி. எழுதும் பலகை பொருத்திய நாற்காலியிலோ பலகை பெரும்பாலும் வலப்பக்கம். கிரிக்கெட்டில் மட்டும் இடக்கை வீரரைத் தேடிப் பிடிக்கிறோம், பெரும்பாலோர் அப்படி இல்லை என்ற ஒரே காரணத்துக்காக.

விலை யாருக்கு

இவ்வளவு பயன் இருந்தும் ஏன் மாறுபட்டுப் பேசுவோர் குறைவு? காரணம் எளிது. விலையைக் கொடுப்பவர் ஒருவர், லாபம் ஊருக்கு. தண்ணீர் எங்கே போகும் என்று நான் கேட்டிருந்தால் 24 வீடும் நனையாமல் தப்பித்திருக்கும். கேட்டதற்கான கெட்ட பெயர் எனக்கு மட்டும். மழை வராத வருடமாக இருந்திருந்தால் நான் சொன்னது சரி என்பதுகூட யாருக்கும் தெரிந்திருக்காது.

நம் மொழியில் மாறுபடுகிறவருக்கு எத்தனை பெயர்! அதிகப்பிரசங்கி, குறுக்குச்சால் ஓட்டுபவர், நொட்டை சொல்பவர், ஏட்டிக்குப் போட்டி. ஒத்துப்போகிறவருக்கும் ஆமாம்சாமி, தலையாட்டி பொம்மை என்று பெயர் உண்டுதான். ஆனால் கவனித்திருக்கிறேன்: ஆமாம்சாமி என்பதை முதுகுக்குப் பின்னால்தான் சொல்வோம், அதிகப்பிரசங்கி என்பதை முகத்துக்கு நேரே சொல்வோம்.

எனவே "துணிந்து பேசுங்கள்" என்று உபதேசம் செய்வதில் எனக்கு நம்பிக்கை இல்லை. துணிச்சல் இல்லாதவரும் தன் கண்ணால் பார்த்ததைச் சொல்ல முடிகிறபடி ஏற்பாடு செய்வதே நடக்கக்கூடிய வேலை. அப்படி ஒரு பழைய ஏற்பாடு இந்திய ராணுவ நீதிமன்றத்தில் இருக்கிறது. குற்றவாளியா இல்லையா என்ற கருத்தை, உறுப்பினர்களில் பதவியில் இளையவர்தான் முதலில் சொல்ல வேண்டும். மூத்தவர் வாயைத் திறந்த பிறகு இளையவரின் வாய் எப்படித் திறக்கும் என்பது விதியை எழுதியவர்களுக்குத் தெரிந்திருக்கிறது. ரகசிய வாக்கெடுப்பும் இதே சிந்தனைதான். ஆஸ்திரேலியக் காலனிகளில் 1856-இலும் பிரிட்டனில் 1872-இலும் வந்தது. அதற்கு முன் பிரிட்டனில் பண்ணையாரின் ஆட்கள் பார்த்துக்கொண்டிருக்க, வாய்விட்டுச் சொல்லித்தான் வாக்களித்தார்கள். தாளில் எழுதச் சொன்னதும் ஆஷின் மாணவர்கள் மாறினார்களே, அதைப் போன்ற மாற்றம்தான் வாக்குச்சாவடித் தடுப்புக்குள் நடக்கிறது.

வெள்ளம் வடிந்த பிறகு எங்கள் சங்கம் மறுபடி கூடியது. பதித்த கல்லைப் பெயர்க்கலாமா, மோட்டார் வைத்து இறைக்கலாமா என்று பேச்சு. அவமானப்பட்டிருந்த செயலாளர், பாவம், இந்த முறை சம்மதம் கேட்கவில்லை. தன் மகளின் கணக்கு நோட்டிலிருந்து தாள்களைக் கிழித்து வீட்டுக்கு ஒன்று கொடுத்து, பெயர் போடாமல் எழுதித் தரச் சொன்னார். நான் உட்பட ஐந்து பேர் கல்லைப் பெயர்க்கச் சொல்லியிருந்தோம். ஒன்பது பேர் மோட்டார். மூன்று தாள் வெற்று. ஒன்றில், சங்கக் கணக்கை முதலில் காட்டுங்கள் என்று இருந்தது. அதற்கும் கொஞ்சம் சிரிப்பு எழுந்தது.

ஒரு தாளில் பென்சிலால், நடுங்கும் கையெழுத்தில் இரண்டு வரி. பின்சுவரில், துணி துவைக்கும் கல்லுக்கு நேரே, அடியில் ஒரு ஓட்டை இருந்தது. தண்ணீர் அது வழியாகத்தான் பின்னாலிருக்கும் வாய்க்காலுக்குப் போகும். கல் பதித்தபோது அதையும் சேர்த்துப் பூசிவிட்டார்கள். பெயர் இல்லாவிட்டாலும் எல்லோருக்கும் தெரிந்தது. தரைத்தளத்தில் தினமும் அந்தக் கல்லில் துவைக்கும் பாட்டியம்மாள் ஒருவர்தான். சங்கக் கூட்டங்களில் அவர் வாசல் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து, தேநீர் வந்ததும் எழுந்து போய்விடுவார்.

அன்று சாயங்காலமே கொத்தனார் கடப்பாரையால் நான்கு அடி அடித்தார். பூச்சு உடைந்து விழுந்தது. ஒரு தேங்காய் நுழையும் அளவு ஓட்டை. தேங்கியிருந்த அழுக்குத் தண்ணீர் ஒரு கணம் தயங்கி, பிறகு சத்தத்தோடு அந்தப் பக்கம் போகத் தொடங்கியது.